எங்கள் தெரு மைக்செட்டில் கருகிய ஒரு வாட்

ஒன்பதாம் வகுப்பை நான் இரண்டு வருஷம் படித்தேன். அவ்வளவு பிடித்துப்போனது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்வேன். மூன்றாவது வருஷமும் அதே பெஞ்சு என்றானபோது வாத்தியார்கள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நின்றுகொண்டேன். பிறகு பெரம்பலூரில் ஒரு ரேடியோ கடையில் ஆறு மாதம் இருந்தேன். ஈயம் வைக்கவும், மீட்டர் பார்க்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களைக் கேலி செய்கிறேன் என்று அங்கேயும் அனுப்பிவிட்டார்கள். "செட்டு பாட மாட்டேங்குது" என்று வந்த ஒருவரிடம், "நீங்க ஒரு தடவ பாடிக் காமிச்சீங்களா?" என்று கேட்டதுதான் கடைசிக் குற்றம்.

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டிப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. ஊர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஊர் தனி, எங்கள் தெரு தனி. நடுவில் வாய்க்கால், அதன்மேல் ஒரு மதகு. எங்கள் பெரியவர்கள் எல்லோரும் மதகைத் தாண்டிப் போய் ஊர்க்காரர்கள் வயலில் கூலிவேலை செய்தவர்கள். என் வயசுக்காரர்களில் ஒருத்தன் கொத்தனார், ஒருத்தன் லாரி கிளீனர், ஒருத்தன் தையல்கடை. நான் ரேடியோ ரிப்பேர்.

சுற்றுவட்டத்துக்கு ஒரே மைக்செட், ஊருக்குள் இருந்த ஒருவருடையது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மனுக்கும் அவர் செட்தான் வரும். ஆனால் எங்களுக்கென்று தனிச் சட்டம் வைத்திருந்தார். ஸ்பீக்கர் குழாய் முந்திரிக்காட்டைப் பார்த்துத்தான் கட்டப்படும், ஊரைப் பார்த்துக் கட்டக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மூட்டை கட்டிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் தெருவுக்கென்று ஒரு மைக் தனியாக வைத்திருந்தார். வாய்ப்பக்கம் நசுங்கின பழைய மைக். நாங்கள் பேசிய மைக்கில் ஊர்க்காரர்கள் பேச மாட்டார்களாம். டீக்கடையில் தனி கிளாஸ் பார்த்திருப்பீர்கள். தனி மைக் எங்கள் ஊரில்தான் பார்த்திருக்க முடியும்.

ஒரு வருஷம் திருவிழாவில், என் பெரியப்பா அந்த நசுங்கின மைக்கைப் பிடித்துப் பேசினார். அவர்தான் தெருவுக்கு நாட்டாமை. கூழ் ஊற்றியவர்கள் பெயரையெல்லாம் வாசித்துவிட்டு, "நம்ம தெரு வெளக்கு மூணு மாசமா எரியல, அத பஞ்சாயத்துல கொஞ்சம் கவனிச்சா" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். செட்டோடு வந்திருந்த ஆள் ஒயரை உருவிவிட்டான். பெரியப்பா வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை என்று அவருக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் நான் கைவைக்கவில்லை. மறுநாள் காலையில் கோயில் வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"அடுத்த வருசம் அவன் செட்டு வேணாம் பெரியப்பா. நான் செய்யிறேன்."

"எத?"

"மைக்செட்ட."

சிரித்தார்கள். என் மச்சான், அதாவது அத்தை மகன், அதிகமாகச் சிரித்தான். "ஒம்பதாவது செய்யவே ரெண்டு வருசம் ஆச்சு இவனுக்கு" என்றான்.

"அது வாத்தியாரு செஞ்சது. இது நான் செய்யிறது" என்றேன்.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அரியலூரில் ஒரு பழைய இரும்புக்கடையில், செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்று எடைக்குக் கிடந்தது. வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்தது. தொப்பி மாதிரி இருக்கும் பெரிய டிரான்சிஸ்டர்கள் இரண்டில் ஒன்றுக்கு உயிர் இருந்தது, இன்னொன்றை அதே கடைக் குவியலில் தேடி எடுத்தேன். மேல்தகடு துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்ததால் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெட்டி கொடுத்தது அத்தை. அவள் கல்யாணத்துக்குத் துணிமணி வைத்துக் கொண்டுபோன தகரப் பெட்டி. மூடியில் ஆணியால் குத்தி வரிசை வரிசையாக ஓட்டை போட்டேன், சூடு வெளியே போக. ஒவ்வொரு ஓட்டைக்கும் அத்தை "அய்யோ" என்றாள். எண்பது தடவையாவது சொல்லியிருப்பாள்.

அந்தச் செத்த போர்டில் ஓரிடத்தில் ஒரு ரெசிஸ்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மின்சாரத்தை மட்டுப்படுத்தி விடுகிற சின்னச் சாமான் அது. இந்த இடத்தில் அதற்கு ஒரு முக்கியமான வேலை. பவர் பக்கம் முப்பத்தாறு வோல்ட் இருக்கும். மைக்கும் ரிக்கார்டும் வந்து சேருகிற முன்பக்கத்துக்குப் பன்னிரண்டு வோல்ட்தான் வேண்டும். மிச்சம் இருபத்துநாலு வோல்ட்டையும் இந்த ஒருவனே தின்ன வேண்டும். தின்றதைச் சூடாக விட வேண்டும். இவன் செத்தால் முன்பக்கம் பட்டினி, செட் ஊமை.

மேலே பச்சை, நீலம், பழுப்புக் கோடுகள் இருந்தன. கோட்டின் நிறம்தான் அளவு: ஐநூற்று அறுபது ஓம்ஸ். அதுவரை கண்டுபிடித்துவிட்டேன். அவன் கிடந்த இடத்தில் போர்டு கறுத்திருந்தது. அழுக்கு என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். போகவில்லை. விட்டுவிட்டேன்.

திருச்சிக்குப் பஸ் ஏறினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்றவனுக்கு என் வயசுதான் இருக்கும். ஆனால் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தான்.

"ஐநூத்தி அறுவது ஓம்ஸ் குடுங்க."

"எத்தன வாட்?"

"எத்தன வாட்டுன்னா?"

அவன் மூன்று பேனாக்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு கண்ணாடிமேல் நாலு சாமானை வரிசையாக வைத்தான். முதலாவது நெல்லுமணி அளவு. அடுத்தது கொஞ்சம் பெரிது. மூன்றாவது நிலக்கடலைப் பருப்பு மாதிரி. நாலாவது வெள்ளைச் சாக்பீஸ் துண்டு மாதிரி சிமெண்டில் செய்தது.

"கால் வாட், அர வாட், ஒரு வாட், அஞ்சு வாட். எல்லாமே ஐநூத்தி அறுவதுதான்."

"கோட்டுல வாட்டு எழுதியிருக்காதா?"

"கோட்டுல ஓம்ஸ்தான் இருக்கும். எவ்வளவு சூடு தாங்கும்னு ஒடம்பப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"எங்க தெருவுலயும் அப்டித்தான். ஒரே பேருல நாலு பேரு இருக்கான், மூட்ட தூக்குறவன் ஒருத்தன்தான்" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காகிதத்தில் கணக்கை எழுதிக் காட்டினான். ரெசிஸ்டர் தின்கிற வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கு. ஓம்ஸால் வகு. வருவது வாட். நான் அங்கேயே போட்டேன். இருபத்துநாலை இருபத்துநாலால் பெருக்கினால் ஐநூற்று எழுபத்தாறு. ஐநூற்று அறுபதால் வகுத்தால் ஒன்று. அச்சு அசலாக ஒன்று. மிச்சம் கொசுறு. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் அந்த நேரம் அங்கே நின்றிருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"ஒரு வாட் குடுங்க."

"ஒண்ணு வந்தா ரெண்டு போடணும். வர்றதுக்கு ரெண்டு மடங்கு. அஞ்சு வாட்டே வச்சுக்க, கண்ண மூடிட்டுத் தூங்கலாம்."

"கடைக்காரன் ரெண்டு மடங்குன்னுதான் சொல்லுவான். கணக்கு ஒண்ணுன்னு சொல்லுது. ஒரு வாட்டே குடுங்க."

அவன் தோளைக் குலுக்கினான். ஒன்று ஒன்றாகக் கொடுப்பதில்லை, பத்தாகத்தான் என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான். அதற்கும் சண்டை போட்டேன். பொட்டலம்தான் ஜெயித்தது.

எனக்கு யாராவது அறிவுரை சொன்னால் அதற்கு எதிராக ஒன்று செய்யாமல் இருக்க முடியாது. ஊர்க்காரர்கள் சொன்ன அடக்கம், வாத்தியார் சொன்ன அடக்கம், எல்லாவற்றையும் எதிர்த்துப் பழகின கழுத்து, நல்லது சொன்னவனிடமும் அப்படியே திரும்பிக்கொண்டது. இதை இப்போது எழுத முடிகிறது. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டு வந்தேன்.

செட் பாடியது. தெருவில் வசூல் போட்டு வாங்கின புது மைக்கையும் பழைய குழாயையும் ரிக்கார்டு பிளேயரையும் மாட்டி, எங்கள் வீட்டு வாசலில் வைத்து ஒரு வாரம் தினமும் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். ரெசிஸ்டரைத் தொட்டுப் பார்த்தால் இதமான சூடு, இட்லி மாதிரி. தெருவே வந்து பார்த்தது. பெரியப்பா ஒரு நாள் புது மைக்கைக் கையில் வாங்கி வாய் கிட்டே வைத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு செருமல் மட்டும் செருமினார். அந்தச் செருமல் முந்திரிக்காடு வரைக்கும் போனது. பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அவர் மைக்செட்டுக்காரரிடம் போய், இந்த வருஷம் செட் வேண்டாம் என்று முறையாகச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே நடந்ததை அவர் வாயாலேயே எங்களுக்குச் சொன்னார்.

"யாருடா செய்யிறான்னு கேட்டாரு. நம்ம பய பேரச் சொன்னேன். 'வருவ. ரெண்டாம் நாளே வருவ. வர்றப்ப நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னு கேக்கணும், அப்பத்தான் தருவேன்'னு சொல்லிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று மச்சான் கேட்டான்.

"வந்தா பாத்துக்கலாம்னு சொன்னேன்." பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நான் அங்க போயி நிக்கிற மாதிரி வச்சிடாதடா. எனக்கு இந்த வயசுல அது ஆவாது."

நான் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

முதல் நாள் சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். வேப்பமரத்தில் ஏறி மச்சான் குழாயைக் கட்டினான், ஊரைப் பார்த்து. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று கீழேயிருந்து ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடைசியில் மைக்செட்டுக்காரர் வீட்டு ஓட்டுக்கூரைக்கு நேராக வந்து நின்றது. அது தற்செயல் என்று மச்சான் இன்றைக்கும் சத்தியம் செய்வான். ஆறு மணி ஆனது, ஏழு ஆனது, பாட்டு நிற்கவில்லை. கிழவர்கள் எல்லாம் ஆறு மணிக்கு மேல் பாட்டு கேட்கிற சந்தோஷத்தில் சாப்பிடப் போகவே இல்லை.

இரண்டாம் நாள் பொங்கல். காலையில் நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அத்தை வந்திருக்கிறாள். செட் வைத்திருந்த பெஞ்சைக் கழுவி, பெட்டிக்கு மஞ்சள் பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தன் புதுச் சேலை ஒன்றை நாலாக மடித்துப் போர்த்தி, அதன்மேல் சாமந்தி மாலை சாத்தியிருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது மாரியம்மனுக்கு ஒரு தங்கை வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"என்னத்த இது?"

"என் பொட்டிடா. நல்ல நாளும் அதுவுமா மொட்டையா கெடக்குது."

"மூச்சு விடணும் அத்த அது."

"சாமியே பட்டுச் சேல கட்டிக்கிட்டு மூணு நாளு நிக்கிது. இதுக்கென்ன, வலிக்குதா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அவர்கள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தங்களுக்கென்று ஒரு செட் வந்திருக்கிறது, அதற்கு ஒரு சேலை போர்த்துகிறார்கள். எடுக்க மனசு வரவில்லை.

உச்சி வேளை. கோயில் முன்னால் வரிசையாக இருபது அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. பந்தலில் ஒரு பல்பு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது, யாரும் அணைக்கவில்லை. அந்தப் பல்பு திடீரென்று பளீரென்று ஆனதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டு கரகரத்தது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆனது. பிறகு "ம்ம்ம்" என்று ஒரு முனகல் மட்டும். அதற்குமேல் பொங்கல் கொதிக்கிற சத்தம்தான் கேட்டது.

வாசனை வந்தது. ரேடியோ வேலை செய்கிறவனுக்கு அந்த வாசனை தெரியும். பெயிண்டும் கரியும் சேர்ந்து எரிகிற வாசனை.

சுவிட்சை அணைத்து, மாலையை எறிந்து, சேலையை உருவி, மூடியைத் திறந்தேன். பூசின மஞ்சளும் சந்தனமும் காய்ந்து, ஆணி குத்தின ஓட்டைகளில் பாதியை அடைத்துவிட்டிருந்தன. உள்ளேயிருந்து அடுப்பு மாதிரி சூடு முகத்தில் அடித்தது. என் ஒரு வாட் ரெசிஸ்டர் கரிக்கட்டையாக இருந்தது. கோடே தெரியவில்லை. மண்ணெண்ணெய்க்குப் போகாத அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, முன்பும் இதே இடத்தில் எரிந்த சூடு.

"அத்த! சேலயப் போத்திச் செட்டக் கொன்னுட்ட!" என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டது. அதற்கு மைக்கே தேவைப்படவில்லை.

அத்தை சேலையைக் கையில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மதகின்மேல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். மைக்செட்டுக்காரரின் ஆள், போன வருஷம் ஒயரை உருவியவன். காலை ஆட்டிக்கொண்டு கேட்டான்.

"என்ன மெக்கானிக்கு, அம்மன் ஊமையாயிட்டாளா?"

பெரியப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "ஆவுமா, ஆவாதா? ஒரே வார்த்தைல சொல்லு."

"ஆவும்."

"பொங்கலு எறக்குறதுக்குள்ள?"

எனக்குத் தெரியவில்லை. "ஆவும் பெரியப்பா" என்றேன்.

அவர் அடுப்புகளைப் பார்த்தார், எரிகிற விறகைப் பார்த்தார். "ஆவலன்னா நான் போறேன். சனம் பொங்க வச்சிட்டு ஊமையா நிக்கக் கூடாது." துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். மதகுப் பக்கம் மெதுவாக நடக்க ஆரம்பித்தார். மச்சான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தான். "நாலு பேரு வரணும்னாருல்ல, கூட வாடா" என்றார் பெரியப்பா. மச்சான் கையை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி ஓடி வந்தான்.

நான் ஈயம் வைக்கிற சால்டரிங் அயனைச் சுட வைத்துவிட்டு மீட்டரை எடுத்தேன். புது ரெசிஸ்டர் போட வேண்டியதுதானே? பொட்டலத்தில் இன்னும் ஒன்பது இருந்தது. ஆனால் கை நின்றது. சேலை இல்லாமல் போட்டால் தாங்குமா? வெறும் சேலைக்கா இப்படிக் கரியாகும்? நிமிர்ந்து பார்த்தேன். பந்தல் பல்பு கண்ணைக் கூச வைத்தது. மீட்டரை ப்ளக்கில் வைத்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று அறுபது.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கம் சுற்றிலும் பம்புசெட்டு. மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரத்தில் வீட்டு லைட்டு அழுது வடியும். நான் ஒரு வாரமாகச் சாயங்காலம் அந்த அழுகையில் வைத்துத்தான் சோதித்திருந்தேன். முதல் நாள் பாடியதும் அந்த நேரத்தில்தான். உச்சியில் மோட்டாருக்கு வருகிற மும்முனைக் கரண்டை நிறுத்துவார்கள். எல்லா மோட்டாரும் ஒரே மூச்சில் நிற்கும். வீட்டுக் கரண்டு எகிறும். இதை எங்கள் தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மெக்கானிக்குக்குத்தான் மறந்துபோனது.

ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். முப்பத்தாறு வோல்ட், நாற்பத்தொன்று ஆகியிருக்கும். ரெசிஸ்டர் தின்ன வேண்டியது இருபத்தொன்பது. இருபத்தொன்பதை இருபத்தொன்பதால் பெருக்கினால் எண்ணூற்று நாற்பத்தொன்று. ஐநூற்று அறுபதால் வகுத்தால் ஒன்றரை வாட். வோல்ட் கொஞ்சம்தான் ஏறியது, சூடு பாதிக்குப் பாதி கூடிவிட்டது. ஒரு வாட் உடம்புக்காரன் தலையில் ஒன்றரை வாட் மூட்டை. அதுவும் போர்வைக்குள்.

திருச்சிக்காரன் நீட்டிய அந்தச் சாக்பீஸ் துண்டு கண்முன் வந்தது. அஞ்சு வாட். திருச்சிக்குப் போய்வர ஒரு பகல்.

"என்னடா முழிக்கிற? அவரு மதவுகிட்டப் போயிட்டாரு" என்றான் மச்சான்.

பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன். ஒரே மாதிரி ஒன்பது. இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஓம்ஸ் இரண்டு மடங்கு, ஆயிரத்து நூற்றிருபது. அதே மாதிரி இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினால் பாதியாகிவிடும். திரும்பவும் ஐநூற்று அறுபது! ஓம்ஸ் மாறாது, சூட்டை மட்டும் நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்குக் கால் வாட்டுக்கும் கொஞ்சம் மேல். இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நாலு பேர் வரணும் என்று சொன்னவருக்கு நாலு பேரை அனுப்பினேன், அவ்வளவுதான்.

அவசரத்தில் ஈயம் ஒரு சொட்டு தொடையில் விழுந்தது, வேட்டியில் ஓட்டை. மச்சான் விளக்கு பிடிக்கிற மாதிரி ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் போர்டில் அடித்தான். நாலையும் போர்டில் ஒட்டாமல் கொஞ்சம் உயரத் தூக்கி நிறுத்தினேன், காற்றுப் பட. மூடியைப் போடவில்லை. சுவிட்சைத் தட்டினேன்.

முதலில் "ம்ம்ம்". பிறகு ஒன்றுமில்லை. மச்சான் ரிக்கார்டில் முள்ளை வைக்க மறந்திருந்தான். வைத்தான்.

பாட்டு பாதியிலிருந்து பீறிட்டது. அடுப்புகளுக்கு நடுவில் பெண்கள் குலவை போட்டார்கள். மதகின்மேல் உட்கார்ந்திருந்தவன் காலை ஆட்டுவதை நிறுத்தினான்.

பெரியப்பா அப்போது மதகைத் தாண்டி ஊருக்குள் கால் வைத்துவிட்டிருந்தார். சத்தம் கேட்டதும் நின்றார். திரும்பி வருவார் என்று நினைத்தோம். கை தட்டிக் கூப்பிட்டோம். வரவில்லை. துண்டைச் சரியாகத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஊருக்குள் நடந்துபோனார். ஊர்த் தெருவில் எங்கள் ஆட்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம்.

"எங்கடா போறாரு?"

"தெரியல. நீ ஓடு."

மச்சான் பின்னால் ஓடினான். மைக்செட்டுக்காரர் வாசலில் நடந்ததை அவன்தான் வந்து நடித்துக் காட்டினான். அவர் வெளியே வந்து, "என்ன, வந்துட்டியா?" என்று கேட்டாராம். பெரியப்பா, "வந்துட்டேனுங்க. நான் வந்துதான் ஆவணும்னு சொல்லியிருந்தீங்க, பேச்சு மாறக் கூடாதுல்ல" என்றாராம். குழாய்ச் சத்தம் அந்த வீட்டு ஓட்டில் மோதிக்கொண்டிருந்ததாம். "செட்டு வேணுமா?" என்று கேட்டாராம் அவர். "அதாங்க பாடுதே. ஒங்களுக்குச் சரியா கேக்குதான்னு பாக்க வந்தேன். கேக்கலன்னா சொல்லுங்க, பயகிட்டச் சொல்லி இன்னுங் கொஞ்சம் கூட்டச் சொல்றேன்" என்றாராம் பெரியப்பா.

அவர் கதவைச் சாத்திக்கொண்டாராம். அதை நடித்துக் காட்ட மச்சானுக்குக் கதவு கிடைக்கவில்லை, என் முகத்தில் துண்டை வீசினான்.

மூன்றாம் நாள் காலையில் அத்தை வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் போனவள் பொங்கல் படைக்கக்கூடத் திரும்பி வரவில்லை. முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அத்த, தப்பு சேலையில மட்டும் இல்ல."

"வேற எதுல?"

"நான் ஒரு வாட் போட்டேன். ரெண்டு மடங்கு போடுன்னு கடைக்காரன் சொன்னான். கேக்கல. உச்சி நேரத்துக் கரண்டையும் யோசிக்கல. நீ சேல போத்தலன்னாலும் மூணு நாளுக்குள்ள அது கருகியிருக்கும்."

"அப்ப நேத்து அத்தன சனத்துக்கு முன்னாடி என்னையக் கொலகாரி ஆக்குன?"

"மதவுல அவன் ஆளு ஒக்காந்திருந்தான் அத்த. எனக்கு வேல தெரியலன்னு சேதி அங்க போயிடும்னு பயந்துட்டேன்."

சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பொண்ணு பொறக்காததும் நல்லதுதான். பொறந்திருந்தா ஒன் தலையில கட்டியிருப்பேன்."

"ஒம் மவனக் கட்டிக்கிட்டுத்தானே தெனமும் மாரடிக்கிறேன்."

சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு எழுந்து ஒரு பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். அன்று உச்சி நேரம் பல்பு பளீரென்று ஆனதும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள். அவளுக்குக் கை வலித்ததும் இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள், அப்புறம் இன்னொருத்தி. நாலு ரெசிஸ்டரும் இட்லிச் சூட்டில்தான் இருந்தன, விசிறவே தேவையில்லை. நான் சொல்லவில்லை. சொன்னாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா புது மைக்கைப் பிடித்துப் பேசினார். கூழ் ஊற்றினவர்கள் பெயரை வாசித்தார். தெரு விளக்கு எரியாததைச் சொன்னார். எத்தனை மாதம், எந்தக் கம்பம், யாரிடம் எத்தனை தடவை போய்ச் சொன்னோம் என்று முழுசாகச் சொன்னார். சொல்லி முடித்தபிறகும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. ஒயரை யாராவது உருவுகிறார்களா என்று பெட்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். திரும்பவும் முதலிலிருந்து ஒரு தடவை சொன்னார்.

இருட்டுகிற நேரத்தில் மைக்செட்டுக்காரரின் ஆள் தெருவுக்குள் வந்தான். காலாட்டிக்கொண்டு இருந்தவன், இப்போது பணிவாக நின்றான்.

"அவரு சொல்லி அனுப்புனாரு. அடுத்த வருசம் அவரே வந்து செட்டுக் கட்டுறாராம். கொழாய நீங்க சொல்ற பக்கம் கட்டுவாராம். நேரமும் ஒங்க இஷ்டமாம்."

கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கிட்டே வந்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. இரண்டு மூன்று பெரியவர்கள் முகத்தில், 'சரின்னு சொல்லிடலாம், எதுக்கு வம்பு' என்று எழுதியிருந்தது. பெரியப்பா அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ என்னடா சொல்ற?"

"தாராளமா வரச் சொல்லுங்க பெரியப்பா. எங்க வூட்டுல ஒக்காந்து ஒரு சொம்பு கூழு குடிச்சிட்டுப் போவட்டும். செட்டு மட்டும் எடுத்துக்கிட்டு வர வேணாம்."

வந்தவன் தயங்கினான். "இத நான் எப்டிப் போயிச் சொல்றது?" என்று பெரியப்பாவிடம் கேட்டான்.

"அவன் சொன்னத அப்டியே சொல்லு. ஒரு வார்த்தகூடக் கொறையக் கூடாது" என்றார் பெரியப்பா.